தழும்பு சிரிக்குமா

கோபாலின் சிரிப்புக்கு வேலூரில் சொன்ன விலை, தவணைக்கு நாலாயிரம் ரூபாய். அதுவும் சிரிப்பைக் கொடுப்பதற்கு இல்லை, எடுப்பதற்கு.

"கூத்துக்காரன் காசு வாங்கிக்கினு சிரிக்க வெக்கறான், சரி. சிரிப்ப எடுக்கறதுக்கு ஒருத்தர் காசு கேட்டு இப்பத்தான் கேள்விப்படறேன்" என்று மனைவி ஈஸ்வரியிடம் சொன்னான். சொல்லும்போதே அவனுடைய இடது கடைவாய் மேலே ஏறி, உலகத்தையே கேலி செய்வதுபோல் நின்றது.

"இப்பகூடப் பாரு, சிரிக்கற."

"நான் எங்கடி சிரிக்கறேன்? வயித்தெரிச்சல்ல பேசிக்கினு கீறேன்."

"எனக்குத் தெரியும்யா. எங்கண்ணனுக்குத் தெரியணுமே."

வம்பெல்லாம் அந்தக் கடைவாயில்தான். கோபால் ஜவ்வாது மலையில் மாட்டுத் தரகு செய்பவன். மலைமேல் வளர்ந்த காளைகளைச் செங்கம் பக்கத்துச் சந்தைக்கு இறக்குவான். அங்கிருந்து கறவை மாடுகளை மேலே ஏற்றுவான். சில வருடங்களுக்கு முன் அடிவாரத்தில் ஓர் எருது விடும் விழாவுக்குப் போனபோது, தடுப்பைத் தாண்டிய காளையின் கொம்பு அவன் கன்னத்தைக் கடைவாயிலிருந்து காதுவரை கிழித்துவிட்டது. காளையை மறித்ததாக வெளியூரில் சொல்வான். உள்ளூரில் அந்தக் கதை செல்லாது. அவன் போண்டாக் கடையில் நின்றுகொண்டிருந்தான் என்பதும், வாயில் முழுப் போண்டா இருந்ததால்தான் பற்கள் தப்பின என்பதும் மலை முழுக்கத் தெரியும்.

தையல் போட்டார்கள், காயம் ஆறியது. ஆறின பிறகுதான் தழும்பு தன் வேலையைத் தொடங்கியது. நாளாக நாளாகத் தடித்து, சுருங்கி, கயிறாக முறுக்கிக்கொண்டு கடைவாயை மேலே இழுத்துக் கட்டிவிட்டது. அன்றிலிருந்து கோபால் தூங்கினாலும் சிரிப்பான். பல்வலி வந்தாலும் சிரிப்பான்.

சந்தையில் இதனால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையின்மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். விரல் சொல்வது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதனால் வாங்குகிறவனும் வேடிக்கை பார்க்கிறவனும் தரகனின் முகத்தைத்தான் படிப்பார்கள். கோபாலின் முகத்தில் படிக்க என்ன இருக்கிறது? துண்டுக்குள் எதிராளி எவ்வளவு நல்ல விலையைப் பிடித்தாலும், மேலே அந்தக் கடைவாய் 'இவ்வளவுதானா உன் யோக்கியதை' என்று ஏளனமாக நிற்கும். வாங்குகிறவனுக்கு ரோஷம் வந்து இன்னொரு விரலைச் சேர்ப்பான். "அந்தாளு மாடு விக்கறதில்லப்பா, அந்தத் தழும்பு விக்குது" என்று சக தரகன் சின்னராஜ் புலம்புவான். கோபால் அதற்கும் சிரித்தான், நிஜமாகவே. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் தெரியாததால்தான் மாமனார் சாவில் வினை வந்தது.

மாமனார்மேல் கோபாலுக்கு உயிர். பெண் கேட்டுப் போன அன்று, பரிசம் எவ்வளவு என்று தயங்கித் தயங்கிக் கேட்டவனைக் கிட்டே கூப்பிட்டு, இவன் கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே ஒரே ஒரு விரலை நீட்டினவர் அவர். "எனக்கு ஒரே பொண்ணு. ஒரே வெல. அவ அழாம இருக்கணும். முடியுமா?" என்றவர். அப்படிப்பட்ட மனுஷன் போனபோது கோபால் அவர் ஊரான படவேட்டுக்கு ஓடிப் போய்க் காலடியில் நின்று அழுதான். அழ அழ முகம் கோணியது. முகம் கோணக் கோணத் தழும்பு இழுத்தது. கடைவாய் காதை நோக்கிப் போய், கண் இடுங்கி, கன்னம் மேடேறி, பார்க்கிறவர்களுக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரியே இருந்தது. ஈஸ்வரியின் அண்ணன் தனசேகரன் கொள்ளிச்சட்டியோடு திரும்பிப் பார்த்தார்.

அதோடு சரி. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. தழும்புதான் காரணம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "தழும்பு சிரிக்குமா?" என்று ஒரே கேள்வி கேட்டு வாயை அடைத்துவிடுவார். "வாயி இழுத்துக்கிச்சு, சரி. கண்ணு ஏன் சிரிச்சுது? ஒடம்பு ஏன் குலுங்கிச்சு? எங்கப்பன் பொணத்தப் பாத்து சிரிச்சவன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்."

இப்போது காவியாவுக்குக் கல்யாணம். மகள் மணையில் உட்காரும்போது தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். இருக்கிறது ஒரே தாய்மாமன். அவர் வராவிட்டால் தானும் மண்டபத்துக்கு வரப்போவதில்லை என்று ஈஸ்வரி சொல்லிவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, சாமை புடைத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் கோபால் பயந்தான். வேலூரில் லேசர் வைத்துத் தழும்பைத் தளர்த்துகிறார்கள் என்பதைக் காவியா செல்போனில் கண்டுபிடித்தாள்.

டாக்டர் பெயர் ஜெனிலா. ஆலங்காயத்துப் பெண். கோபாலின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி, உருட்டி, வாயைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லிப் பார்த்தார். தான் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது இப்படித்தான் என்று கோபாலுக்குத் தோன்றியது. மாட்டுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தோன்றியது.

"இது மேல இருக்கற கோடு மட்டும் இல்லீங்க. உள்ள தோல் கெட்டியாகி இழுக்குது. லேசர்ல அந்தக் கெட்டி மேல ஊசிமுனை மாதிரி நுணுக்கு நுணுக்கா துளை போடுவோம். துளை ஆறும்போது புதுத்தோல் இளக்கமா வரும். தவணைக்குத் தவணை இழுப்பு வுடும். ஆனா ஒண்ணு, கோடு முழுசா மறையாது. இப்பவே சொல்லிடறேன்."

பல் விழுந்த கிழட்டு மாட்டை இளங்கன்று என்று விற்கிற கூட்டத்தில் வளர்ந்தவன் கோபால். தன் சரக்கின் குறையைத் தானே முதலில் சொல்லும் வியாபாரியை இதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர்மேல் சந்தேகமே வரவில்லை. ஆனாலும் பேரம் பேசாமல் எழுந்தால் சந்தைக்கு அவமானம்.

"மறைய வேணாம் டாக்டரம்மா. முழுசா எடுத்துடாதீங்க, கொஞ்சம் வுட்டு வையுங்க. பொழப்பு அதுலதான் கீது. பாதி எடுத்தா பாதி வெலதானே?"

"பாதி வேலை, முழு வேலைன்னு லேசர்ல இல்லீங்களே."

"சரி, எல்லாத் தவணையும் மொத்தமா புடிச்சுக்கறேன். ஜோடியா புடிச்சாலே கொறைப்பாங்க, இது மந்தை." கை தன்னால் தோளில் கிடந்த துண்டுக்குப் போனது.

"துண்ட எடுக்காதீங்க" என்றார் ஜெனிலா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எங்கப்பாவும் மாடு வாங்கி விக்கறவருதான். துண்டு போட்டா நான் தோத்துடுவேன்." சுவரில் மாட்டியிருந்த விலைப் பலகையைக் காட்டினார்.

முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சுட்டுப் பார்த்தார். நம்முடைய நிறத்துக்குச் சில சமயம் சுட்ட இடம் கறுத்துவிடும், அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றார். கறுக்கவில்லை. அடுத்த முறை கன்னம் முழுக்க மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி உட்கார வைத்தார்கள். பிறகு கண்ணை மூடிக் கறுப்புக் கவசம் போட்டு, கன்னத்தில் 'டிக் டிக்' என்று ஓட்டினார்கள். கடுகு வெடித்து முகத்தில் தெறிப்பதுபோல் இருந்தது. தாடி முடி பொசுங்கும் வாடை வந்தது. மாட்டுக்குச் சூடு போடும்போது வருகிற அதே வாடை. 'எத்தன மாட்டுக்குக் கால புடிச்சிருப்ப, இப்ப நீ படு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் கன்னம் சிவந்து, அதன்மேல் காப்பித்தூளைத் தூவினதுபோல் பொருக்கு. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, வெயிலே படக் கூடாது, வெளியே போனால் வெள்ளைக் களிம்பு தடவ வேண்டும். களிம்பைத் தடவிக்கொண்டு வந்தவனைப் பார்த்துக் காவியா, "இன்னாப்பா, இன்னிக்குக் கூத்துல நீ தருமரா, திரௌபதியா?" என்றாள். சந்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனான். மாட்டுத் தரகன் குடை பிடித்துச் சந்தையில் நடந்ததை அதற்கு முன் மாடுகள் பார்த்ததில்லை. இரண்டு காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பிடித்துக் கொடுத்த கூலியைக் கோபால்தான் கொடுத்தான்.

மூன்றாம் தவணைக்குப் பிறகு தழும்பு இளகியது. கயிறாக இருந்தது நாடாவாக ஆனது. கடைவாய் மெல்ல இறங்கித் தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஈஸ்வரி அவனைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, "கோவமா மூஞ்ச வை" என்றாள். வைத்தான். கோபமாகவே இருந்தது. "சோகமா வை." வைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனின் சோகத்தைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்ட பெண்ணை அந்த மலையில் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

சந்தையில்தான் இடி விழுந்தது. துண்டுக்குள் நல்ல விலை வந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. குறைந்த விலை வந்தால் தொங்கிவிடுகிறது. கைக்குழந்தைகூடப் படித்துவிடும். "இன்னா கோபாலு, ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்துக்கொண்டே வாங்குகிறவர்கள் விரலை உருவிக்கொண்டார்கள். சின்னராஜ் கிட்டே வந்து, "கரண்டு கம்பத்துல பீஸ புடுங்கனா மாதிரி கீதுப்பா உன் மூஞ்சி" என்று அனுதாபம் காட்டினான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த தவணைக்குப் போக வேண்டாம், ஏதாவது செய்து வாயைத் திரும்ப மேலே ஏற்ற முடியுமா என்று டாக்டரையே கேட்டுவிடலாம் என்றுகூட யோசித்தான்.

"போவலியா?" என்றாள் ஈஸ்வரி.

"போறேன்டி, போறேன்."

போனான். நாலாவது தவணையும் முடிந்து பொருக்கு உதிர்ந்ததும் ஈஸ்வரி படவேட்டுக்குச் சொல்லி அனுப்பினாள்: வந்து ஒருதரம் பார்த்துவிட்டுப் போ. பதில் வந்தது: "யார் மூஞ்சியும் பாக்க நான் வரல. எனக்கு ஒரு கறவ மாடு வேணும், சந்தைக்கு வர்றேன். அங்க எவன் மூஞ்சி கண்ணுல பட்டாலும் அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

அந்த வாரம் கோபாலின் கையில் கெங்கம்மாளின் கறவை மாடு இருந்தது. பக்கத்து ஊர்க்காரி, கணவன் இல்லாதவள், மாட்டோடு தானும் சந்தைக்கு வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாப்பத்திரண்டுக்குக் கீழ ஒரு ரூபா எறங்கக் கூடாது. எறங்கனா உன் கைக்காசு" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தனசேகரன் வந்தார். மாட்டைச் சுற்றினார். மடியைத் தொட்டார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கினார். கோபாலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்.

சந்தையில் ஒரு கட்டு உண்டு. நீட்டின கையைத் தரகன் தள்ளக் கூடாது. பகையாளியானாலும் துண்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் ஒரு சௌகரியம், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மூன்று வருடமாகப் பேசாத இரண்டு பேர் உலகத்தில் வேறு எந்த வியாபாரமும் செய்ய முடியாது, மாட்டு வியாபாரத்தைத் தவிர. கோபால் துண்டை உதறிப் போட்டான். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சின்னராஜ் தன் வியாபாரத்தை விட்டுவிட்டே வந்தான்.

கோபால் ஐம்பது என்று பிடித்தான். தனசேகரன் முப்பது என்றார். அது விலையில்லை, வசவு. கோபால் நாற்பத்தெட்டுக்கு இறங்கினான். தனசேகரன் விரலை மாற்றிப் பிடித்தபோது, கோபாலின் விரலில் ஏதோ தட்டியது. மோதிரம். ஒரு பக்கம் தேய்ந்து கத்தி விளிம்புபோல் ஆன வெள்ளி மோதிரம். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கோபாலின் விரலுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே பொண்ணு, ஒரே வெல என்று துண்டுக்குள் நீண்ட விரலில் இருந்த மோதிரம்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு முகம் போனது. முதலில் தாடை நடுங்கியது, அப்புறம் உதடு. வருடக்கணக்கில் ஏறிப் பழகின கடைவாய் கீழே கோணி இறங்கியது. கண்ணீர் தழும்பின் தடம் பிடித்து ஒழுகியது. தரகன் சந்தை நடுவில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான்.

தனசேகரன் இப்போதுதான் நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா மாப்ள, அழறியா?"

மூன்று வருடத்தின் முதல் சொல்.

"அழல மச்சான். களிம்பு கண்ணுல எரியுது."

"அன்னிக்கும் இப்பிடித்தான் அழுதியா?"

"அன்னிக்கு இதவிட ஜாஸ்தி. அழ அழ வாயி மேல போச்சு, நான் இன்னா பண்றது?"

"கண்ணு இடுங்கினது..."

"தழும்புதான்."

"ஒடம்பு குலுங்கினது?"

"அது நான்தான், மச்சான்."

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. பெரிய மீசை வைத்த இரண்டு ஆள்கள் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்குமேல் ஒரு கிழவருக்காக அழுதார்கள். பார்த்தவர்களுக்கு மாட்டின் விலை தாறுமாறாகப் போய்விட்டதோ என்றுதான் பட்டிருக்கும்.

துண்டுக்குக் கீழே கதை வேறு. தனசேகரனும் பேரத்தில் அப்பன் பெயரைக் காப்பாற்றுகிற பிள்ளைதான். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்க, விரல் மெல்ல முப்பத்தெட்டு என்றது. கோபால் விசும்பிக்கொண்டே நாற்பத்தைந்து என்றான். "அப்பா உன்ன எப்பவும் கேப்பாரு மாப்ள" என்றார் மச்சான், முப்பத்தொன்பது. "அவரு மாதிரி ஒருத்தர் உண்டா மச்சான்" என்றான் கோபால், நாற்பத்திரண்டு. அங்கேதான் கெட்டான். அடிவிலையைப் பிடித்த அந்த நொடியில், 'இதற்கு மேல் இறங்கமாட்டேன், தயவு செய்து கேட்காதே' என்று முகம் சொல்லிவிட்டது. மறைக்க முகத்தில் ஒன்றும் இல்லை. வேலூரில் காசு கொடுத்து எடுத்தாயிற்று. தனசேகரன் அதைப் படித்தார், மூக்கைத் துடைத்தார், நாற்பதைப் பிடித்து அழுத்தினார், விடவில்லை. மோதிரம் உறுத்தியது. கோபாலால் கையை உருவ முடியவில்லை.

துண்டு விலகியது. நாற்பதாயிரம்.

"இருந்துட்டு சாப்ட்டுட்டுப் போ மச்சான்" என்றான் கோபால்.

"கல்யாணத்துக்கு வர்றேன் மாப்ள. மால நான்தான் எடுத்துக் குடுப்பேன். எவனும் நடுவுல வரக் கூடாது." மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டு, நாலடி போய்த் திரும்பினார். "இப்ப சிரி, பாக்கலாம்."

கோபால் சிரித்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறியது.

"இதான் உன் சிரிப்பா? நல்லா இல்ல" என்றார் தனசேகரன். போய்விட்டார்.

கெங்கம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கோபால் துண்டில் முகத்தைத் துடைத்துவிட்டு, பனியன் பையிலிருந்து இரண்டாயிரத்தை எடுத்துச் சேர்த்து அவளிடம் கொடுத்தான். அவள் எச்சில் தொட்டு எண்ணி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா கோபாலு, நீ மாடு வித்தியா, மச்சான வாங்கனியா?"

வீட்டில் ஈஸ்வரி இதைக் கேட்டதும் அடுப்பங்கரைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். புகை என்றாள். அவன் களிம்பு என்றதைப்போல. ஒரே விலை பேசி வாங்கின பெண் அழாமல் இருக்க வேண்டும் என்று கிழவர் கேட்டிருந்தார். இந்த அழுகை அதில் சேருமா என்று கோபாலுக்குத் தெரியவில்லை.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க" என்றாள் காவியா. "இன்னும் ஒரு தவண வந்தா கோடும் மங்கிடுமாம்."

"வேணாம்னு சொல்லு. அந்தக் கோடாவது சந்தைக்குக் கெடக்கட்டும்."

ஈஸ்வரி எதிரே உட்கார்ந்து விரல் மடக்கினாள். துண்டு போடாமல், வெளிப்படையாக.

"லேசரு, நாலு தவண, செலவு. ஓடிப்போன காளைய புடிச்ச கூலி, செலவு. கெங்கம்மாவுக்குக் கைக்காசு ரெண்டாயிரம், தரகும் போச்சு, செலவு. உன் சந்த மூஞ்சி, அது மொத்தமா செலவு. வரவு, எங்கண்ணன் ஒருத்தன்."

"நேர் ஆவலியே" என்றான் கோபால்.

"எப்பிடி ஆவும்? மூணு பொங்கலு, மூணு தீவாளி, அவன் இந்த வூட்ல சாப்புடாத சோறு அப்பிடியே நிக்குது. அது பாக்கி. வந்து தின்னு கழிக்கட்டும்."